கல்லில் நின்ற வாள்

ஆதர் மன்னன் கல்லினின்றும் வாளை உருவிய கதையைப் பிறப்பினும் தகுதியே பெரிதென்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். இக்கூற்று ஏற்புடையதன்று.

1485இல் கக்ஸ்ரன் அச்சிட்ட மலோறியின் நூலில், வாளைச் சுற்றிப் பொறித்த வாசகமே அதனை உருவுபவன் பிறப்பால் அரசன் என்கிறது. உருவியவனோ ஊதர் மன்னனின் மகன். அவ்வுண்மையை அவன் அறியான் என்பதொன்றே வியப்பு. உயர்குருதியற்ற சிறுவனென்று பிரபுக்கள் மறுத்தபோது பொதுமக்கள் அவனுக்காகக் குரலெழுப்பினர் என்பது மெய்யே. ஆயின் அவர்கள் எவரையும் தெரிவு செய்தாரல்லர். வாள் காட்டியவனை வழிமொழிந்தனர். மறைந்திருந்த வாரிசுரிமையை வெளிப்படுத்துவதே வாளின் பணி.

நிலமானிய சமுதாயத்து ஆளும் வர்க்கம் இச்சின்னங்களின் பயனை நன்கறிந்திருந்தது. 1191இல் முதலாம் றிச்சட், ஆதரின் வாளெனப்பட்ட ஒன்றைச் சிசிலி மன்னன் தங்கிறெட்டுக்கு அளித்தான். அவனிடமிருந்து கப்பல்களைப் பெற்றான். 1485இல் போர்க்களத்தில் முடியைக் கைப்பற்றிய ஏழாம் ஹென்றி, அடுத்த ஆண்டு பிறந்த தலைமகனுக்கு ஆதர் எனப் பெயரிட்டான். வாள்வலியால் வந்த முடிக்குப் பழங்கதையிலிருந்து பிறப்புரிமை தேடப்பட்டது.

கதையைச் சுவைப்பதில் தவறில்லை. அதனைச் சமத்துவத்தின் குரலெனப் போற்றுவது, அரசர்கள் அறிந்திருந்ததை ஆய்வாளர் அறியாதிருப்பதாகும்.