எம்-புக்கில் எழுதாதது

குழாய் உடைந்தால் பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதினோம். தோண்டிய மண் எத்தனை கன மீட்டர், போட்ட ஜாயின்ட் எத்தனை என்றும் எழுதினோம். குழாய் ஏன் உடைந்தது என்று ஒரு நாளும் எழுதியதில்லை. பில் பாஸாக அது தேவைப்படவில்லை. குடிநீர்ப் பணியில் முப்பது ஆண்டு இருந்த எங்கள் தலைமுறைப் பொறியாளர்கள் இதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

எந்தக் குழாய் எப்போது ஓயும் என்று முன்கூட்டிக் கணிக்கப் பெரிய வித்தை வேண்டியதில்லை. ஷமீர், ஹோவர்ட் என்ற இருவர் 1979-லேயே அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வயது ஏற ஏற உடைப்புகள் வட்டிக்கு வட்டி போல் பெருகும். ஒட்டுப்போடும் செலவைவிடப் புதுக் குழாய் பதிப்பது மலிவாகும் ஆண்டு ஒன்று வரும். அந்த ஆண்டைக் கண்டுபிடிக்க, பதித்த ஆண்டும் குழாயின் வகையும் விட்டமும் உடைந்த தேதிகளும் தெரிய வேண்டும். எங்கள் ஊரில் விட்டம் மட்டும் ஓரளவு தெரியும்.

வயதை மட்டும் வைத்தும் சொல்லிவிட முடியாது. சென்னையில் கீழ்ப்பாக்கம் நீர் நிலையம் வந்தது 1914-ல். அந்தக் காலத்துக் கனமான வார்ப்பிரும்புக் குழாய்களில் நூறு வயது தாண்டியும் தண்ணீர் கொண்டுபோனவை உண்டு. மண் மோசமாக இருந்தால் அதே வார்ப்பிரும்பு ஏமாற்றிவிடும். இரும்பு கரைந்து போய், கிராஃபைட் மட்டும் பழைய உருவத்திலேயே நிற்கும். பார்வைக்குக் குழாய் முழுசாக இருக்கும்; பேனாக்கத்தியால் சுரண்டினால் பென்சில் கரி போல உதிரும். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டில் ஆன ஏ.சி. பைப்பைச் சோதிப்பது இன்னும் எளிது. உடைந்த விளிம்பில் ஃபினால்ஃப்தலின் சொட்டினால் நல்ல சிமென்ட் இளஞ்சிவப்பாகும், சுண்ணாம்பு கரைந்த பகுதி நிறம் மாறாது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் கிடைக்கும் மருந்துதான். ஒரு துண்டைக்கூட நாங்கள் சோதிக்கவில்லை. இரும்புத் துண்டுகள் ஏலத்துக்குப் போயின, ஏ.சி. துண்டுகளைத் தோண்டிய பள்ளத்திலேயே தள்ளி மூடினோம்.

எந்நேரமும் குழாயில் தண்ணீர் நிற்கும் ஊரானால் இந்த அலட்சியத்தால் தண்ணீர்தான் வீணாகும். நாங்கள் விட்டது ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம். வால்வை மூடியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, தண்ணீர் கசிந்த அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வரும். வீடுகளில் லைனிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சியபோது இன்னும் வேகமாக வந்தது. தெரிந்தும் நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

ஒரு ஐப்பசி மழையில், ஒரே தெருவில் பதினோரு குழந்தைகள் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் அந்தத் தெருவில் ஐந்து முறை கிளாம்ப் போட்டிருந்தோம். ஐந்துக்கும் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். ஐந்து பக்கங்களையும் சேர்த்து வைத்து ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஆண்டு எங்கள் கவனம் முழுவதும் புது மேல்நிலைத் தொட்டியின் திறப்பு விழாவில் இருந்தது. தொட்டிக்குக் கல்வெட்டு உண்டு. பூமிக்குள் மாற்றும் குழாய்க்கு எவரும் நாடா வெட்ட வருவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். குழாய் மாற்றப் பணம் கேட்டு எழுத வேண்டிய மதிப்பீட்டையே நாங்கள் எழுதவில்லை என்பதுதான் உண்மை.

உடைப்புகளின் வரலாறு தெரிந்தவர் ஒருவர் இருந்தார், எங்கள் ஃபிட்டர். எந்த வால்வு தார் ரோட்டுக்கு அடியில் போனது என்பதுகூட அவருக்குத் தெரியும். மாலையும் சால்வையும் போட்டு ஓய்வுக்கு அனுப்பினோம். உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் ஊர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறோம். நடக்க முடியாதவர், பார்வையும் மங்கிவிட்டது. தெருப் பெயரைப் படித்தால் திண்ணையில் இருந்தபடியே சொல்கிறார். “அந்த முக்குல ரெண்டு தடவ ஒடஞ்சிருக்கு சார், வேப்பமரம் நின்னப்ப. எழுதிக்கிட்டீங்களா?”