செத்தவர்கள் பாட்டு மட்டும்தான் பாட்டா?

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தோடு எழுதுகிறேன், சில இடங்களில் சுருக்கென்று இருக்கும். திட்ட நினைப்பவர்கள் கமெண்டிலேயே திட்டுங்கள். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டாம், பாவம், அவருக்குக் காது கேட்பதே குறைவு.

போன மாதம் நம் குடும்பக் கல்யாண ரிசப்ஷனில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். என் அண்ணன் பேத்தி, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவள், ஆறு வருஷமாகக் கிட்டார் கற்றுக்கொள்கிறாள். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவளை மேடை ஏற்றினோம். அவளே போட்ட ஒரு பாட்டை வாசித்தாள். எங்கள் வில்லாபுரம் ஹவுசிங் போர்டுக்குள் வரும் தண்ணீர் லாரியின் ஹாரன் சுருதியில் ஆரம்பித்து, எங்கெங்கோ போய், திரும்ப அந்த ஹாரனுக்கே வரும். மூன்றாவது நிமிஷம் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அதெல்லாம் போதும், இளைய நிலா வாசிம்மா!" மண்டபமே சிரித்துக் கைதட்டியது. பிள்ளை நிறுத்திவிட்டு இளைய நிலாவில் நாலு வரி வாசித்தாள். பலத்த கைதட்டல். கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தவள், ஆட்டோவில் வீடு வரும்வரை பேசவில்லை. நானும் அந்த முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

பந்தியில் என் கொழுந்தனார் முறை ஒருவர் எனக்குப் புத்திமதி சொன்னார்: "மதினி, பிள்ளையை வீணைக்கு மாத்தி விடுங்க. கிட்டார் நம்ம வாத்தியமா? ஆர்கெஸ்ட்ராவுக்கும் சர்ச்சுக்கும்தான் லாயக்கு." சர்ச்சில் வாசித்தால் என்ன குறைச்சல்? என் மாணவர்களில் நன்றாக வாசிப்பவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழுவில் கைபழகியவர்கள்தான்.

"நம்ம வாத்தியம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். வயலின் யாருடையது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களிடம் பார்த்து எடுத்துக்கொண்டது. தஞ்சை நால்வரில் வடிவேலு அதை வாசித்து, சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாக வாங்கினார். இன்று வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி நடக்குமா? ஹார்மோனியத்துக்கு 1940ல் அகில இந்திய வானொலி தடையே போட்டது, கமகம் பேசாது என்று. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. மாண்டலினை ஸ்ரீனிவாஸ் கையில் கேட்ட பிறகு, அது வெளிநாட்டு வாத்தியம் என்று யாருக்காவது ஞாபகம் வருகிறதா?

கிட்டாரிலும் அதைச் செய்து காட்டியவர் இருக்கிறார். ராணிப்பேட்டையில் வளர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு முடித்து, அதை ஒதுக்கி வைத்துவிட்டு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போன பிரசன்னா. "கிட்டார் பிரசன்னா" என்று யூடியூபில் போட்டுப் பாருங்கள். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் மூன்று நான்கு சுரம் தாண்டலாம். கிட்டாரில் மெட்டுகள் தாழ்வு, பலகையோடு ஒட்டிக் கிடக்கும். இழுப்பது கொஞ்சம், வழுக்குவது கொஞ்சம், இரண்டையும் கலந்துதான் தோடியின் காந்தாரத்தைப் பிடிக்க வேண்டும். விரல் நுனி காய்த்துப் போகும். பேத்தியின் விரலைத் தொட்டுப் பார்த்தவள் சொல்கிறேன்.

இது வரைக்கும் உங்களில் பலர் ஒத்துக்கொள்வீர்கள். "கிட்டாரில் தியாகராஜர் கிருதி வாசிக்கிறாரா, ஆகா!" என்பீர்கள். என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த மனுஷர் கிருதியோடு நிற்கவில்லை. 2006ல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற ராக் கிட்டார்காரருக்குக் காணிக்கையாக "எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்" என்று ஒரு முழு ஆல்பம் போட்டார். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயரோடும், தபலா வாசிக்கும் நிதின் மிட்டாவோடும் சேர்ந்து 2011ல் "தீர்த்தா" செய்தார். 2010ல் சென்னைக்குத் தெற்கே ஸ்வர்ணபூமி இசைப் பள்ளியைத் தொடங்கி, இன்றைய இசையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வழி செய்தார். வாசிக்கிறவர், புதிதாகப் போடுகிறவர், வாத்தியாரும்கூட. அவருடைய சொந்தப் பாட்டு ஒன்றை முழுசாகக் கேட்டவர்கள் கை தூக்குங்கள். நம் குடும்ப குரூப்பில் இதைக் கேட்டபோது ஒரு கைகூப்பும் படம்தான் வந்தது.

பெரியவர் கதையும் அப்படித்தான். பண்ணைப்புரம் அப்போது நம் மதுரை மாவட்டம். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டு, ஜி.கே. வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். 1986ல் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக "ஹௌ டு நேம் இட்" போட்டார். 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்போலோ அரங்கில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது நம் குரூப் வாழ்த்துகளால் நிரம்பியது. எந்த இடம் பிடித்தது என்று கேட்டேன். பதிலே இல்லை. அவரை வாழ்த்தக் கை வருகிறது, அவர் புதிதாகப் போட்டதைக் கேட்க முக்கால் மணி நேரம் வரமாட்டேன் என்கிறது.

இளைய நிலா, இளைய நிலா என்று கேட்டீர்களே, 1982ல் அந்தக் கிட்டாரை வாசித்தது யார்? சந்திரசேகர் என்ற கலைஞர். ரிசப்ஷனில் பேத்தியிடம் கேட்டேன், அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்ட ஆளுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியாத இன்னொன்றையும் அவள் சொன்னாள். கிட்டாரை மேடைக் கச்சேரிக்குச் சேர்த்தியில்லை என்று ஐரோப்பாவிலேயே தள்ளி வைத்த காலம் உண்டாம். ஸ்பெயினின் செகோவியா என்ன செய்தார்? பாஹின் வயலின் உருப்படியைக் கிட்டாருக்கு மாற்றி 1935ல் பாரிஸில் வாசித்தார். அத்தோடு விடாமல், உயிரோடு இருந்த இசையமைப்பாளர்களிடம் போய், "என் வாத்தியத்துக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். பிரேசிலின் வில்லா லோபோஸ் எழுதினார், மெக்சிகோவின் போன்ஸே எழுதினார். அவருக்குப் பின் இங்கிலாந்தின் ஜூலியன் பிரீம் கேட்டு, பிரிட்டன் என்ற பெரிய இசையமைப்பாளர் 1963ல் எழுதினார். இன்று கிட்டார் படிக்கிற பிள்ளைகள் வாசிப்பதில் சில அப்படிக் கேட்டு வாங்கியதுதானாம்.

தியாகராஜர் கரகரப்பிரியாவில் கிருதி கிருதியாகப் போட்டபோது அது திருவையாற்றின் புதுப் பாட்டு. அன்றைக்கு முன்வரிசையில் நம் சொந்தக்காரர் யாரும் இல்லாதது அந்த ராகத்தின் அதிர்ஷ்டம்.

"எல்லாம் சரி டீச்சர், இது சோறு போடுமா?" என்று என் பழைய மாணவன் ஒருவன், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கேட்டான். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். சினிமாவில் அறுபது பேர் வாசித்ததை இன்று ஒரு கம்ப்யூட்டர் வாசிக்கிறது. பள்ளிகளில் 2012ல் இசைக்கும் ஓவியத்துக்கும் தையலுக்கும் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்தார்கள். இன்றும் அவர்கள் நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். ஆனால் தம்பி, சோறு போடாததற்கு நாமும் ஒரு காரணம். கல்யாணத்தில் ஐஸ்கிரீம் கவுண்டருக்குக் கொடுப்பதில் பாதியைக்கூட வாத்தியக்காரருக்குக் கொடுக்க மனசு வருவதில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இடைநிலை ஆசிரியையாக முப்பத்தைந்து வருஷம் இருந்தேன். வாரத்தில் பாட்டுக்கு என்று ஒரு பாடவேளை இருந்தது. பாட்டு டீச்சர் கிடையாது, அதனால் அந்த வேளையையும் கணக்குக்கே எடுத்துக்கொண்டேன். வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைகளே, பெஞ்சில் தாளம் போட்டதற்கு என்னிடம் அடி வாங்கியவனும் உங்களில் ஒருவன்தான். இன்று மேளக்காரனாக நல்லபடி இருக்கிறான். கல்யாணத்துக்கு வாசிக்க வந்தபோது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்குக் கூசியது.

பேத்தி பன்னிரண்டாவது முடித்து இசைப் பட்டப்படிப்புக்குப் போக ஆசைப்படுகிறாள். அவள் அம்மா பாதி மனசு, அப்பா கால் மனசு. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று யோசிக்கிறார்கள். அந்த நாலு பேர் நீங்கள்தான், நானும்தான்.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். வருகிற ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அவள் வாசிக்கிறாள். நாற்பது நிமிஷம். அவள் போட்டது மூன்று, செகோவியா வாங்கியதில் ஒன்று, கரகரப்பிரியாவில் ஒன்று. நேயர் விருப்பம் கிடையாது. போனை அணைத்து வையுங்கள். ஒரு உண்டியல் வைப்பேன், முழுப் பணமும் பிள்ளைக்கு. கொழுந்தனாரும் அவசியம் வரவேண்டும், உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறேன். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே திண்ணையிலேயே உட்காரலாம், சத்தம் நன்றாகக் கேட்கும். தண்ணீர் லாரி அந்த நேரத்துக்குத்தான் வரும், அதை ஒன்றும் செய்ய முடியாது.