நண்டுத் தீவனமும் முன்பணமும்

2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து உருவான திருப்பதி மாவட்டத்துடன் நெல்லூரின் சூளூர்பேட்டை, தடா பகுதிகளும் இணைந்தன. அவற்றோடு பழவேற்காடு ஏரிக்கரையும் வந்தது. அங்கு நண்டு பிடித்து வாழும் யானாதி பழங்குடியினரும் வந்தனர்.

தோலுரித்த சேற்று நண்டில் ஓடு இறுகியிராது. உள்ளே சதையினும் நீரே மிகுதி. ஏற்றுமதிக்கு உதவாத அதனை அடிமாட்டு விலைக்கே கேட்பர். மூன்று, நான்கு வாரம் அடைத்து இரையிட்டால் சதை பற்றும். சிங்கப்பூர் விமானத்தில் உயிருடன் ஏறும். அந்த ஒரு மாதத்தின் இலாபம் முன்பணம் கொடுத்த வணிகருக்கே சேருகிறது. பிடித்தவரால் காத்திருக்க இயலாது: அன்றைய நண்டு அன்றைய அரிசிக்கு.

உடலெடையில் 5 முதல் 10 விழுக்காடு இரை நாள்தோறும் வேண்டும். குறைந்தால் நண்டுகள் ஒன்றையொன்று தின்னும். வழக்கமான இரை கழிசல் மீன். மீன்தூள் ஆலைகளும் அதற்குப் போட்டியிடுகின்றன. (ஏழை வீட்டுக் கருவாடும் அதே மீன்தான், அதை எவரும் கணக்கிடுவதில்லை.) மட்டிச் சதையும் கோழிக்குடலும் மலிவானவை. திருப்பதி, சித்தூர் நகரங்களின் கோழிக்கடைகளில் குடலுக்குப் பஞ்சமில்லை. வேகவைத்தே இட வேண்டும். மிச்சத்தை அகற்றாவிடில் நீர் கெட்டு நண்டு மடியும்.

ஆனால் மலிவான தீவனம் வணிகரின் தொட்டிக்கே போகுமாயின் பெருகுவது அவரது இலாபமே. யானாதியரின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூண்டும், அந்த ஒரு மாத வாழ்க்கைச் செலவுக்கு வட்டியில்லாக் கடனும் தேவை. கோழிக் கழிவு சேகரிப்பை நகராட்சிகள் ஒப்பந்ததாரரிடம் விடாமல் இச்சங்கங்களிடமே ஒப்படைக்கட்டும்.