திரை வந்தது, மொழி வரவில்லை

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று தமிழக அரசு திட்டமிட்டதை மனமார வரவேற்கிறேன். ஆனால் காவிரி டெல்டாவில் இருக்கும் நரிக்குறவர் வீட்டுப் பிள்ளையிடம் அந்தத் திரை எந்த மொழியில் பேசும்? வீட்டில் புழங்குவது வாக்ரிபோலி. தனி எழுத்து இல்லாத மொழி. பாடநூல் தமிழே புதிதாக இருக்கும் குழந்தைக்கு, வேகமாக ஓடும் காணொளி எப்படிப் பிடிபடும்?

திரைவழிப் பாடம் இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு எட்டும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். கொரோனாவில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதுவரை பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் செல்போனிலும். வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே அதிகம். அதுவும் பாசிமணி மூட்டையோடு அப்பாவின் பையில் ஊர் சுற்றும். வேளாங்கண்ணித் திருவிழா வந்தால் பிள்ளையும் வியாபாரத்துக்குக் கூடவே கிளம்பிவிடும். மின்சாரம் இன்னொரு கவலை. 2018 கஜா புயலில் கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் இவை.

நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. சான்றிதழோடு அது நின்றுவிடக் கூடாது. அந்தச் சமூகத்திலேயே படித்த பெண் ஒருவரை, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்போல, ஆனால் முறையான சம்பளத்தோடு, வகுப்பில் அமர்த்துங்கள். பாட்டிமார் சொல்லும் வாக்ரிபோலிக் கதைகளைப் பதிவுசெய்து அந்தத் திரையில் முதலில் ஓடவிடுங்கள். தமிழ்ப் பாடம் அதன் பின்னே வரட்டும்.