தீக்குப் பொறுப்பாளி யார்?

தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில், நூல் கிடங்கில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று நாம் கேட்பதுண்டு. "எல்லோருந்தான்" என்கிறார்கள். இவ்விடை நமக்கு அச்சத்தையே தருகிறது. இருப்பில் ஒரு கட்டு நூல் குறைந்தால் பதில் சொல்ல ஒருவர் உளர். சுவரிலுள்ள தீயணைப்பான் காலாவதியானால் ஒருவருமிலர்.

1911 மார்ச்சு 25-இல் நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் மாண்டனர். எறியப்பட்ட சிகரெட்டோ தீக்குச்சியோ துணிக்கழிவில் பற்றியதெனக் கருதப்பட்டது. தப்பவேண்டிய கதவொன்று, திருட்டுக்கு அஞ்சிப் பூட்டப்பட்டிருந்தது. நம் தறிக்கூடங்கள் சிலவற்றிலும் பின்கதவில் பூட்டு. சாவியோ காரியதரிசியின் வீட்டில்!

காப்பீடு இருக்கிறதே என்பர் சிலர். சரக்குக் காப்பீடு நூலின் விலையைத் தரலாம். தறி நின்ற நாட்களின் கூலியை நெசவாளருக்கு யார் தருவார்?

ஆதலின் நிர்வாகக் குழு பெயர் குறித்தே தீர்மானம் எழுதவேண்டும். மாலையில் மின் இணைப்பைத் துண்டிப்பவர், பஞ்சுக்கழிவை அன்றன்றே அகற்றுபவர், வேலை நேரத்தில் பின்கதவைத் திறந்து வைப்பவர், 101-க்குத் தொலைபேசி செய்பவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர். அவர் வராத நாளுக்கு மற்றொரு பெயர். பருத்தி விவசாயிகளும் கவனிக்கவேண்டும்: பஞ்சுப் பொதியில் சுவாலை அடங்கினாலும் உள்ளே கனல் நெடுநேரம் புகையும். அப்பொதியை வெளியே இழுத்துப் போட்டுக் காவலிருப்பவர் யாரென்பதும் தீர்மானத்தில் இடம்பெறுக.

இரவில் அங்கிருப்பவர் காவற்காரர் ஒருவரே. அவரையும் அக்கூட்டத்திற்கு அழைக்கலாம். தீயணைப்பானின் ஊசியை எடுக்க அவருக்குத் தெரியுமா என அன்றே பார்த்துவிடலாம்.