2027-ல் செம்மறி ஆண்டு: நம்ட்சோ ஏரியைச் சுற்ற யாரால் போக முடியும்?

திபெத்தியர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. குதிரை ஆண்டு வந்தா மலையைச் சுற்றணும், செம்மறி ஆண்டு வந்தா ஏரியைச் சுற்றணும், குரங்கு ஆண்டு வந்தா காட்டை. குதிரை ஆண்டான 2026 கைலாயத்துக்கானது. 2027 பிப்ரவரியில் அவர்களின் புத்தாண்டான லோசர் பிறந்ததும், முறை நம்ட்சோ ஏரிக்கு மாறும். 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் இது வரும்.

அப்படி என்ன ஏரி?

லாசாவுக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து 4,718 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பரப்பு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். ஓடைகளும் பனி உருகிய நீரும் உள்ளே வரும். வெளியே போக வழியே கிடையாது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் 7,162 மீட்டர் நியென்சென் தங்லா மலை கணவன், இந்த உப்பு ஏரி மனைவி என்பது அந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை.

முழுசா சுற்றி வர பத்து நாளுக்கு மேல் நடக்கணும். மூச்சு இழுத்தால் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரை ஊரில் கிடைப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அந்த உயரத்திலும் சிலர் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டபடியே போவார்கள். முடியாதவர்களுக்கு டாஷி டோர் தீபகற்பத்தைச் சுற்றும் குறுக்குவழி இருக்கிறது. பௌத்தர்கள் வலமாகச் சுற்ற, பொன் மதத்தினர் இடமாகச் சுற்றுவார்கள்.

இந்த முறை என்ன விசேஷம்?

12 விலங்குகளோடு 5 பூதங்களும் சேர்ந்து 60 ஆண்டுச் சுழற்சி. நம்ம பிரபவ, விபவ கணக்கின் உறவுக்காரன்தான் இது. திபெத்தியர்கள் அதற்கு வைத்த ‘ரப்ஜுங்’ என்ற பெயரே ‘பிரபவ’வின் மொழிபெயர்ப்பு. இரண்டிலும் நடப்புச் சுழற்சி தொடங்கியது 1987-ல்.

2027 தீ-செம்மறி ஆண்டு. இதற்கு முந்தைய தீ-செம்மறி 1967, அதாவது சீனாவின் கலாசாரப் புரட்சிக் காலம். மடாலயங்கள் உடைக்கப்பட்டு, வழிபாடே குற்றமாகப் பார்க்கப்பட்ட நேரம். வெளிப்படையாக யாத்திரை போகும் நிலையே இல்லை.

இப்போது தடை இல்லையே?

ஏரிக்குத் தடை இல்லை. ஏரி வரை போய்ச் சேருவதில்தான் சிக்கல். திபெத்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாழ்வது திபெத் தன்னாட்சிப் பகுதிக்கு வெளியே, சிங்ஹாய், சிச்சுவான் போன்ற மாகாணங்களில். 2012 மே மாதம் லாசாவில் இருவர் தீக்குளித்த பிறகு, வெளியிலிருந்து வரும் திபெத்தியர்கள் மீது கெடுபிடி இறுகியது. அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் லாசாவிலிருந்து வெளியேற்றப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. தன்னாட்சிப் பகுதிக்கு உள்ளேயும், அரசு ஊழியர்களும் மாணவர்களும் புனித மாதமான சாகா தாவாவில் வழிபாடுகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று உத்தரவுகள் வருவது வழக்கம்.

இன்னொரு பக்கம், 2006-ல் லாசாவுக்கு ரயில் வந்தது. ஏரிக்குத் தார்ச்சாலையும் இருக்கிறது. சீனப் பெருநகரத்திலிருந்து வரும் ஒருவர் காலையில் லாசாவில் காரில் ஏறி, கரையில் செல்ஃபி எடுத்துக்கொண்டு, ராத்திரிக்குள் ஹோட்டலுக்குத் திரும்பிவிடலாம். தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தவர்களில் பலர்தான் சோதனைச் சாவடியில் தாளைக் காட்டி நிற்க வேண்டியிருக்கிறது. யாத்திரையை விலக்காமலே ஆளைக் குறைக்கும் வழி இது.

2027-ஐ விட்டால் அடுத்த செம்மறி ஆண்டு 2039-ல்தான். இப்போது 70 வயதில் இருக்கும் ஒரு பாட்டிக்கு அப்போது 80 தாண்டியிருக்கும்.