ஐயம் எவருடையது?

கொலஸ்திரோல் செல்வந்தரின் நோய் என்றும், கொழுந்துக்கூடையோடு மலையேறி இறங்குவோரை அது அணுகாது என்றும் கூறுவோர் இன்றும் உளர். பரம்பரைக் கொலஸ்திரோல் மிகை இக்கூற்றைப் பொய்யாக்குகின்றது. குருதியிலுள்ள தீய கொலஸ்திரோலை ஈரற்கலங்கள் உள்ளீர்க்க உதவும் வாங்கியின் பரம்பரையலகு பழுதுறின், உழைப்பும் உணவுக்கட்டுப்பாடும் மட்டும் அதனைச் சீராக்கா. பெற்றோரில் ஒருவருக்கு அப்பழுதிருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்புச் சரிபாதி.

ஆயின், அப்பரம்பரையலகிற் காணப்படும் மாற்றம் ஒவ்வொன்றும் நோய் விளைப்பதன்று. 2015ஆம் ஆண்டு அமெரிக்க மரபியல் மருத்துவர் வகுத்த நெறி, மாற்றங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கின்றது. நடுவில் நிற்பது 'பொருள் உறுதிப்படாதது'. மாற்றம் பொதுமக்களிடை எத்துணை அரிது, குடும்பத்தில் அது நோயோடு சேர்ந்தே செல்கின்றதா என்பன சான்றுகள். சான்று திரட்டப்படாத மக்களின் மாற்றங்களே அந்நடு வகுப்பில் மிகுதியாகத் தேங்குகின்றன. 2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தின் 2504 பேருள் இலங்கைத் தமிழர் 102 பேர்; அவர்களும் பிரித்தானியாவில் வாழ்ந்தோர். நுவரெலியா, ஹற்றன் லயங்களுக்காக அவர்கள் சான்று பகர்தல் எங்ஙனம்?

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அறிவியலேடும் அவர்களை ஐயத்திற்குரியோராகவே விட்டுவைப்பதா?

'உறுதிப்படாதது' என்பது 'தீங்கற்றது' ஆகாது. அது நோயாளியின் குறையன்று, ஏட்டின் குறை. ஏடு நிறையும்வரை சிகிச்சை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இளவயது மாரடைப்பு நேர்ந்த வீட்டில் எஞ்சியோரின் குருதியைச் சோதித்தல் இன்றே இயலும். ஸ்டற்றின் மருந்தும் உண்டு. பல்கலைக்கழகங்கள் தோட்டங்களுக்குச் சென்று, இசைவு பெற்று, அக்குடும்பங்களின் சான்றையும் திரட்டுக. தேயிலையை நுணுகித் தரம்பிரிக்கத் தெரிந்த நாட்டிற்கு, அதைப் பறிப்போரின் குருதியைப் படித்தறிதல் அரிதன்று.